தரங்கம்பாடியின் மணற்பள்ளி: சீகன்பால்குவின் தொடக்க வாரங்கள், 1706

தமிழ் அச்சு வரலாற்றிலும் இலக்கண வரலாற்றிலும் பர்த்தலோமேயு சீகன்பால்குவின் பெயர் நிலைபெற்ற ஒன்றாகும். 1715ஆம் ஆண்டில் அச்சிட்டு முடிக்கப்பட்ட புதிய ஏற்பாடு, 1716ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாலே நகரில் வெளிவந்த இலத்தீன் மொழியிலான தமிழ் இலக்கணம் ஆகிய இரண்டையும் மாணவர் எவரும் தயங்காமல் கூறிவிடுவர். தேர்வுக்கு அதுவே போதுமானதாகவும் இருக்கின்றது. ஆயினும் அவர் தரங்கம்பாடியில் கரையேறிய நாள்முதல் கழிந்த சில வாரங்கள் நம் பாடநூல்களில் உரிய இடம் பெறவில்லை. இருபத்து நான்கு வயது மதிக்கத்தக்க, தமிழ் எழுத்து ஒன்றையும் அறியாத, ஊர்த்தலைவரால் விரும்பப்படாத ஓர் இளைஞர், தம்மை யார் என்று வரையறுத்துக்கொண்ட காலம் அது. பின்னர் எழுந்த நூல்கள் அனைத்தும் அந்த வாரங்களில் நேர்ந்த ஒரு நிலைமாற்றத்தின் விளைவுகளே என்பது நம் கருத்து. கற்பிக்க வந்தவர் கற்பவராக அமர்ந்ததே அந்நிலைமாற்றம். அதனையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

கடற்பயணமும் அதற்கு முன்னரும்

சீகன்பால்கு 1682ஆம் ஆண்டில் சாக்சனி நாட்டின் புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர், நோயாளி. ஹாலே நகரில் அகுஸ்டு ஹெர்மன் பிரான்கே நிறுவியிருந்த கல்வி நிலையங்களோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. உள்ளத் தூய்மையையும் தனிமனித மனமாற்றத்தையும் வற்புறுத்திய பக்தி இயக்கத்தின் தலைமையிடமாக அந்நாளில் ஹாலே விளங்கியது. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கு தம் ஆட்சிக்குட்பட்ட தொலைநிலங்களுக்குச் சமயப் பணியாளரை அனுப்ப விரும்பியபோது, தம் சொந்த நாட்டில் தக்காரைக் காணாது, அரண்மனைப் போதகர் லுட்கென்ஸ் வழியாக ஜெர்மானியர் இருவரை வரவழைத்தார். மற்றொருவர் ஹென்ரிக் புளுட்சோ. சீகன்பால்குவைவிடச் சில ஆண்டுகள் மூத்தவர்.

கோப்பன்ஹேகனில் இவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு பின்னர் நிகழவிருந்தவற்றுக்கு முன்னறிகுறி எனலாம். அந்நகரின் பேராயர் இவர்களைத் தேர்வு செய்தபோது தகுதியில்லாதவர் என ஒதுக்கிவிட்டார். மன்னரின் ஆணைக்குப் பிறகு மீண்டும் தேர்வு நடத்தப்பட்டு, 1705 நவம்பரில் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. அதே மாதம் 29ஆம் நாள் 'சோபியா ஹெட்விக்' என்னும் கப்பல் இருவரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. நன்னம்பிக்கை முனையில் சின்னாள் தங்கி, 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடிக்கு எதிரே அது நங்கூரமிட்டது. ஏழு மாதங்களுக்கும் மேற்பட்ட பயணம். முதலில் இவர்கள் செல்வதற்கெனப் பேசப்பட்டிருந்த இடங்களுள் மேற்கு ஆப்பிரிக்காவும் மேற்கிந்தியத் தீவுகளும் அடங்கும் என்பதை ஈண்டு நினைவிற்கொள்ளுதல் வேண்டும். தமிழகத்தைத் தேடி வந்தவர் அல்லர் சீகன்பால்கு; அவர் வாழ்வில் தமிழ் எதிர்பாராது வாய்த்த ஒன்று.

வாயிலில் நின்ற பகல்

சோழமண்டலக் கரையில் பெருங்கப்பல்கள் அணைவதற்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நிற்க, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்தன. அவ்வாறு கரையேறிய இருவரும் நகருக்குள் அழைத்துச் செல்லப்படவில்லை. பகற்பொழுதின் பெரும்பகுதியை நகருக்கு வெளியே காத்திருந்து கழித்தனர். மாலையில் கோட்டைத் தலைவர் ஹாசியுஸ் தம் அலுவலருடன் வந்தார். வந்த நோக்கத்தை வினவினார். மன்னரின் முத்திரையிட்ட மடலைக் கண்ட பின்னரும் தம்மால் செய்யத்தக்கது ஏதுமில்லை என்னும் பொருள்படவே பேசினார். பின்னர் நகருக்குள் நுழைந்தவர்கள் சந்தைவெளியில் தனித்து விடப்பட்டனர். அலுவலர் ஒருவர் இரக்கங்கொண்டு தங்க இடம் காட்டியதால் அன்றைய இரவு கழிந்தது.

இந்நிகழ்ச்சியைத் திருச்சபை வரலாற்றாசிரியர்கள் பலமுறை எழுதியுள்ளனர். அவர்தம் எழுத்தில் ஹாசியுஸ் கொடியவராகவும் இளைஞர் இருவரும் அடியார்களாகவும் காட்சியளிப்பர். கோட்டைத் தலைவர் பின்னாளில் சீகன்பால்குவைச் சிறையிலிட்டவர் என்பதால் இச்சித்திரம் எளிதில் நிலைபெற்றுவிட்டது. 1708 நவம்பர் முதல் 1709 மார்ச்சு வரை, ஏறத்தாழ நான்கு மாதங்கள், அவர் டான்ஸ்போர்க் கோட்டையில் அடைபட்டிருந்தார். எனினும் வரலாற்று மாணவர் இங்குச் சற்று நின்று சிந்தித்தல் தகும். தரங்கம்பாடி டேனியருக்கு வென்றெடுத்த நிலம் அன்று. 1620ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு, ஆண்டுதோறும் வரி செலுத்திப் பெற்ற சிற்றிடம். நாயக்கருக்குப் பின் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் சகசியின் படைகள் 1699ஆம் ஆண்டில் இவ்வூரை முற்றுகையிட்டன; சென்னையிலிருந்து ஆங்கிலேயர் உதவியமையால்தான் அது தப்பிற்று. அதற்கு இரண்டாண்டுகளுக்குப் பின், 1701இல், தஞ்சை நாட்டில் கத்தோலிக்கக் கிறித்தவர்கள் அரசின் சினத்துக்கு ஆளாயினர். இவ்விரண்டும் நடந்து ஐந்து முதல் ஏழு ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், மிளகும் துணியும் விற்கும் வணிகக் கழகத்தின் ஊழியர் ஒருவர், மதம் மாற்றுவதற்கென்றே மன்னரால் அனுப்பப்பட்ட இருவரை மகிழ்ச்சியோடு வரவேற்றிருந்தால்தான் வியப்பு. அவர் நடத்தை பண்பற்றது என்பதில் ஐயமில்லை, காரணமற்றது என்பதற்கில்லை.

மற்றொன்றும் கருதத்தக்கது. கோட்டைத் தலைவரின் அன்பு கிடைத்திருந்தால் இவ்விளைஞர்கள் ஐரோப்பியர் வாழ்ந்த வட்டத்துக்குள்ளேயே தங்கிவிட்டிருக்கக்கூடும். நகரில் 1701ஆம் ஆண்டிலேயே கட்டப்பட்ட சீயோன் ஆலயம் இருந்தது. டேனியப் போதகர்கள் இருந்தனர். ஐரோப்பியர் நலனை மட்டும் கவனித்துக்கொண்டு காலங்கழிக்க வழியிருந்தது. வாயில் அடைக்கப்பட்டமையால் இவர்கள் தெருவை நோக்கித் திரும்பினர்.

இரண்டு மொழிகள்

தெருவில் கேட்ட மொழிகள் இரண்டு. ஒன்று, கடற்கரை வணிகத்துக்கெனத் திரிந்து எளிமையுற்ற போர்த்துக்கீசியம். கோவா முதல் மலாக்கா வரை கீழைக்கடல் துறைகளிலெல்லாம் அந்நாளில் அதுவே பொதுமொழி. கெடாவுக்கும் ஆச்சேவுக்கும் கப்பல் விட்ட டேனியரும் அதனைக்கொண்டே உள்ளூராருடன் பேசினர். கலப்பினத்தாரும், ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தோரும் அதனையே வழங்கினர். மற்றொன்று தமிழ், ஐரோப்பியர் அன்று 'மலபார்' மொழி எனத் தவறாகச் சுட்டிய மொழி. சீகன்பால்குவும் தம் ஜெர்மன் எழுத்துகளில் நெடுங்காலம் அப்பெயரையே ஆண்டார். தம் இலக்கணத்தின் இலத்தீன் தலைப்பில்தான் 'தமுலிக்கா' என்னும் சொல் இடம்பெற்றது.

முதலில் இருவரும் போர்த்துக்கீசியத்தைக் கற்கத் தொடங்கினர். சில வாரங்களிலேயே அது மட்டும் போதாது என்பது தெளிவாயிற்று. அம்மொழியால் அடிமைகளையும் கலப்பினத்தாரையும் அணுகலாம். கோட்டை மதிலுக்கு வெளியே உள்ள சிற்றூர்களில் அது செல்லாது. ஆகவே பணி பகுக்கப்பட்டது. புளுட்சோ போர்த்துக்கீசியத்தைத் தம் பொறுப்பாகக் கொண்டார். தமிழ் சீகன்பால்குவின் பங்காயிற்று.

இவர்களுக்கு முன்பே ஐரோப்பியர் தமிழ் கற்றதில்லையா என்னும் வினா எழலாம். கற்றிருந்தனர். அண்டிரிக்கு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் அச்சாகியிருந்தது. மதுரையில் தத்துவப் போதகரான தெ நொபிலி தமிழ் உரைநடையில் பெருநூல்கள் இயற்றியிருந்தார். கத்தோலிக்கர் ஆக்கிவைத்த தமிழ்ச் சமயச் சொற்களைச் சீகன்பால்கு பின்னர்த் தாராளமாகப் பயன்படுத்தினார். எனினும் ஜூலை மாதத்தில் இந்நூல்கள் எவையும் அவர் கையில் இல்லை. இலக்கணம் இல்லை, அகராதி இல்லை, தமிழும் ஜெர்மனும் ஒருங்கே அறிந்த ஆசிரியரும் இல்லை. கையில் இருந்தது ஒரு வாடகை வீடு மட்டுமே.

பள்ளி வீட்டுக்கு வந்தது

அவ்வீட்டுக்கே ஒரு தமிழ்ப் பள்ளியை வரவழைத்ததுதான் அவ்வாரங்களின் முதன்மையான செயல். உள்ளூரில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்துவந்த, எழுபது வயதை எட்டிய ஆசிரியர் ஒருவர் தம் மாணாக்கருடன் அவர்கள் இல்லத்திற்கு வந்து பள்ளி நடத்த இசைந்தார். சீகன்பால்கு பிள்ளைகளுக்கு இடையே தரையில் அமர்ந்தார். மணலில் விரலால் எழுத்துகளை வரைந்தார். வரைந்ததைப் பிள்ளைகளோடு சேர்ந்து உரக்கச் சொன்னார்.

திண்ணைப் பள்ளியின் முறையை அறியாதவர்க்கு இக்காட்சி வெறும் வேடிக்கையாகத் தோன்றக்கூடும். அதனால் அம்முறையைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். அப்பள்ளியில் கண்ணைவிடச் செவிக்கும் நாவிற்குமே வேலை மிகுதி. ஆசிரியரோ சட்டாம்பிள்ளையோ முன்மொழிய, ஏனையோர் முறைவைத்துச் சொல்வர். எழுத்தின் ஒலி நாவில் பதியும் அதே வேளையில் அதன் வடிவம் விரலில் பதியும். மணலில் கை படிந்த பின்னரே ஓலையும் எழுத்தாணியும் தரப்படும். எழுத்து முடிந்ததும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி போன்ற சிறு நூல்கள் மனப்பாடமாகும். பொருள் பின்னர்தான் விளங்கும். கணக்கிற்கு எண்சுவடி உண்டு. பொருளறியாமல் நெட்டுருச் செய்வதைப் பிற்காலக் கல்வியாளர் பலர் இகழ்ந்துள்ளனர். அவ்விகழ்ச்சியில் உண்மை உண்டு. ஆனால் வேற்றுமொழியான் ஒருவனுக்கு, அவன் நா இன்னும் தாய்மொழிக் கட்டிலிருந்து விடுபடாத நிலையில், இதனினும் சிறந்த ஒலிப்பயிற்சி வேறொன்று இருந்திருக்க இயலுமா என்பது ஐயமே. ழகர ளகரங்களையும் றகர ரகரங்களையும் இலத்தீன் எழுத்தின் வழியாகக் கற்றிருந்தால் அவர் இறுதிவரை தடுமாறியிருப்பார்.

குறையும் இருந்தது. ஆசிரியருக்குப் போர்த்துக்கீசியம் தெரியாது. மாணவருக்குத் தமிழ் தெரியாது. எழுத்துகள் கைவந்தன, சொற்கள் வாயில் வந்தன, பொருள் மட்டும் வரவில்லை. இக்கட்டத்தில்தான் ஐரோப்பிய நூல்களில் 'அலெப்பா' எனக் குறிக்கப்படும் அழகப்பன் வந்து சேர்ந்தார். வணிகக் கழகத்துக்குத் தலைமைத் துபாசியாக முன்னர்ப் பணியாற்றியவர். போர்த்துக்கீசியம், டேனியம், டச்சு, ஜெர்மன் ஆகியவற்றில் பேசத் தெரிந்தவர். ஊதியத்துக்கு அமர்த்தப்பட்ட இவர் வழியாகச் சொற்களுக்குப் பொருளும் தொடர்களுக்கு வடிவும் கிடைத்தன. ஆசிரியர் தந்தது எழுத்தும் ஏடும். அழகப்பன் தந்தது பேச்சும் விளக்கமும். சீகன்பால்குவின் தமிழ் இவ்விருவருக்கும் இடையே உருவானது. எட்டு மாதங்களில் படிக்கவும் எழுதவும் பேசவும் தமக்கு இயன்றதாக அவரே எழுதியுள்ளார். அவருடைய உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இச்செய்தியை ஒரு தனிமனிதரின் மொழித்திறனுக்குச் சான்றாக மட்டும் காட்டும் வழக்கம் முறையானதன்று. அது தரங்கம்பாடியில் ஏற்கெனவே இயங்கிவந்த ஒரு கல்வி முறைக்கும், பன்மொழி வல்ல துபாசி மரபுக்கும் சான்றாகும்.

அழகப்பனுக்கு இத்தொடர்பால் கிடைத்தவை நன்மைகள் மட்டும் அல்ல. ஊர்த்தலைவரின் சினம் அவர்மீதும் பாய்ந்தது. சில ஆண்டுகளுக்குள் அவர் நகரைவிட்டு வெளியேற்றப்பட்டார். ஆயினும் சமயப் பணியாளருடன் அவருக்கிருந்த அறிவுத்தொடர்பு அற்றுப்போகவில்லை. 1712 முதல் 1714 வரை தமிழர் பலர் தம் சமயம், வாழ்வு, மருத்துவம் பற்றி எழுதியனவாக ஹாலேக்கு அனுப்பப்பட்டு, அங்கு ஜெர்மனில் அச்சான கடிதங்களில் அவர் கை மிகுதியும் உண்டு என்பது ஆய்வாளர் கருத்து.

கடிதங்கள் எழுதப்பட்ட வேகம்

கரையேறி ஏழெட்டு வாரங்களிலேயே, 1706 செப்டம்பரில், சீகன்பால்கு ஐரோப்பாவுக்கு நீண்ட கடிதங்களை எழுதத் தொடங்கிவிட்டார். கப்பல் புறப்படும் காலத்தைத் தவறவிட்டால் மறுமொழிக்கு மேலும் ஓராண்டு காத்திருக்க நேரும் என்பதால் இவ்விரைவு புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் தமிழர் சமயத்தைப் பற்றியும் ஒழுகலாற்றைப் பற்றியும் இக்கடிதங்களில் காணப்படும் தீர்ப்புகள், மொழியறியாத ஒருவர் இரண்டு மாதங்களில் கண்டவற்றின்மீது எழுந்தவை. இருளில் கிடக்கும் மக்கள் என்னும் ஹாலேயின் முற்கருத்தே அவற்றில் மேலோங்கி நிற்கின்றது. புதிதாக வந்தவர் பலரும் செய்யும் பிழைதான் இது; இன்று நம் நாடுகளுக்கு மூன்று மாத ஆய்வுப்பயணமாக வந்து திரும்பும் அறிஞர் சிலரும் இதற்கு விலக்கல்லர்.

அதே எழுத்துகளுக்குள் வேறொரு குரலும் கேட்கத் தொடங்குகின்றது. தம் எழுபது வயது ஆசிரியர் தம்மிடம் எழுப்பும் வினாக்களைக் கேட்குந்தோறும், இம்மக்களின் மெய்யியல் ஐரோப்பாவில் எண்ணுவதுபோல் அறிவுக்கு முற்றிலும் ஒவ்வாத ஒன்றன்று என உணர நேர்கின்றது என்று சீகன்பால்கு ஒப்புக்கொள்கின்றார். சமயம் கற்பிக்க வந்தவரிடம் எழுத்துக் கற்பிக்க வந்தவர் வினாத் தொடுக்கின்றார். அவ்வினாக்களுக்கு விடைகூற எளிதில் இயலவில்லை. மணலில் எழுதிய கையைவிட இவ்வினாக்களே சீகன்பால்குவின் பின்னைய வாழ்வை வழிநடத்தின என்று கருதுகின்றோம். விடைகூற வேண்டுமாயின் அவர்தம் நூல்களைப் படித்தாக வேண்டும் என்னும் கட்டாயம் அங்குப் பிறந்தது.

படித்தார். 1708ஆம் ஆண்டில், வந்து இரண்டே ஆண்டுகளில், தாம் திரட்டிய தமிழ் ஓலைச்சுவடிகளுக்கு விளக்கக் குறிப்புகளுடன் ஒரு பட்டியல் ஆக்கினார். கிறித்தவரும் இசுலாமியரும் இயற்றியவை நீங்கலாக 119 தமிழ் நூல்கள் அதில் இடம்பெற்றன. திருக்குறளும் சிவவாக்கியமும் அவற்றுள் அடங்கும். அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். இவற்றுள் பின்னிரண்டும் பள்ளிப்பிள்ளைகள் முதலில் நெட்டுருச் செய்யும் ஏடுகள் என்பது தற்செயலன்று. தாம் அமர்ந்த பள்ளியின் பாடத்தையே அவர் தம் நாட்டாருக்கு மொழிபெயர்த்துக் காட்டினார். ஆசிரியரின் மகனாகிய கணபதி வாத்தியார் இக்காலத்தில் அவருக்கு உற்ற துணையாக இருந்தார். செய்யுள் இயற்ற வல்லவரான அவர் 1709ஆம் ஆண்டில் திருமுழுக்குப் பெற்றமை ஊரில் பெருங்கிளர்ச்சியை உண்டாக்கிற்று. முதியவர் எழுத்தறிவித்த மாணவரால் தம் குடும்பத்துக்குள் நேர்ந்த பிளவு இது. தரங்கம்பாடியின் கல்விப் பரிமாற்றத்தை இனிய கதையாக மட்டும் எழுத முடியாமைக்கு இதனினும் வேறு காரணம் வேண்டியதில்லை.

முதலில் திரண்ட சபையைப் பற்றியும் ஒரு சொல். 1707 மே 12ஆம் நாள் முதன்முதலில் திருமுழுக்குப் பெற்ற ஐவரும் ஐரோப்பியர் வீட்டு அடிமைகள். தமிழ்ப் புலமையைத் தேடிச் சீகன்பால்கு சென்ற வழி வேறு. அவர் குரலுக்கு முதலில் செவிசாய்த்தவர் நின்ற இடம் வேறு.

அச்சேறியவையும் அச்சேறாதவையும்

1706ஆம் ஆண்டின் தொடக்கக் கடிதங்கள் 1708ஆம் ஆண்டிலேயே பெர்லினில் அச்சாயின. மறு ஆண்டு இலண்டனில் ஆங்கில வடிவம் வெளிவந்தது. அதனைப் படித்தோருள் ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னாவும் ஒருவர்; 1712ஆம் ஆண்டளவில் தம் இல்லத்தில் பிள்ளைகளுக்குச் சமயப் போதனை செய்வதில் அவர் காட்டிய ஊக்கத்துக்கு அந்நூல் தூண்டுகோலாயிற்று. தமிழகத்தைப் பற்றிய ஓர் ஐரோப்பியத் தலைமுறையின் எண்ணம் இவ்வாறு, எழுத்துக் கற்றுக்கொண்டிருந்த ஒருவரின் முதல் வாரங்களிலிருந்து உருவாகியது.

மொழியில் தேர்ந்த பின்னர் அவர் எழுதியவற்றுக்கு அப்பேறு கிட்டவில்லை. தமிழர் சமயத்தை அவர்தம் நூல்களைக்கொண்டே விளக்கும் பெருநூலை 1711ஆம் ஆண்டில் முடித்தார். தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை 1713ஆம் ஆண்டில் எழுதி அனுப்பினார். பிரான்கே அவற்றை அச்சிட இசையவில்லை. புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர்கள் அதனை ஐரோப்பாவில் பரப்புவதா என்பதே அவர் நிலைப்பாடு. சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23ஆம் நாள் தம் முப்பத்தாறாம் வயதில் தரங்கம்பாடியில் இறந்தபோது அவ்விரு கையெழுத்துப் படிகளும் ஐரோப்பாவில் உறங்கிக்கொண்டிருந்தன. தெய்வங்களின் வரலாறு 1867ஆம் ஆண்டில் சென்னையில் அச்சேறியது. 1711ஆம் ஆண்டின் நூல் 1926ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. தமிழ்ச் சுவடிப் பட்டியலோ வில் ஸ்வீட்மன், இரா. இலக்குவன் ஆகியோரின் விரிவான ஆய்வுப் பதிப்பாக 2012ஆம் ஆண்டில் புதுச்சேரியிலிருந்து வந்தது. அதன் பக்கங்களில்தான் 119 நூல்களும், அவற்றைத் தேடியெடுக்கவும் படியெடுக்கவும் உதவிய உள்ளூராரும், முதியவரின் மகனும், அவரவர்க்குரிய இடத்தில் நிற்கின்றனர்.